வம்சத்தில் எழுதாத பிள்ளைகள்

எங்கள் வீட்டு டாக்டருக்கு ஒரு குணம். நோயாளி சொல்வதைப் பொறுமையாகக் கேட்பார். வீட்டில் இருப்பவர்கள் சொல்வது காதிலேயே விழாது. புத்தூரில் ரொம்ப வருஷமாகக் கிளினிக் வைத்திருக்கிற டாக்டர் கோவர்த்தனனின் மனைவி தாட்சாயணி நான். ஜில்லா பரிஷத் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்து ரிடையர் ஆனவள். எனக்குக் கோபம் கொஞ்சம் சீக்கிரம் வரும். போகப் போக உங்களுக்கே பழகிவிடும்.

அறுபது தாண்டினால் மனிதர்களுக்குச் சர்க்கரை வரும், முட்டிவலி வரும். இவருக்கு வம்சப் பைத்தியம் வந்தது. பாலசமுத்திரத்தில் விவசாயம் செய்த இவருடைய அப்பா, தாத்தா, அவருக்கும் மேலே இருந்தவர்கள், யார் எங்கிருந்து வந்தார்கள், யார் யாரைக் கட்டினார்கள் என்று எழுத ஆரம்பித்தார். மெடிக்கல் ரெப் கொடுத்துவிட்டுப் போகிற விளம்பரத் தாளின் பின்பக்கம், பழைய மருந்துச் சீட்டு, கல்யாணப் பத்திரிகையில் மிச்சமிருக்கும் வெள்ளை இடம், எதையும் விட்டுவைக்கவில்லை. கடைசியில் ஈசிஜி ரோல் கண்ணில் பட்டது. நீளமான தாள், தலைமுறை தலைமுறையாக இறங்கி வர வசதி என்று அதில் வரைந்தார். ஹாலில் உருட்டிவிட்டால் சமையலறை வாசல் வரைக்கும் வரும். நான் காபியைக் கையில் பிடித்துக்கொண்டு தாண்டித் தாண்டி நடப்பேன்.

"பாத்து, எங்க தாத்தாவ மிதிச்சிக்கினு போற" என்பார்.

"உங்க தாத்தாவ நடு ஹால்ல படுக்க வெச்சது நானா?" என்பேன்.

ஞாயிற்றுக்கிழமையானால் காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். குடுபல்லியில் ஒரு பங்காளி, சத்தியவேட்டில் ஒரு சம்பந்தி. தாசில்தார் ஆபீசில் பழைய பட்டா நகல், அடங்கல், பங்கு பிரித்த பத்திரம் எல்லாம் வாங்கிவந்து அடுக்கினார். காகிதம் இல்லாமல் யாரையும் சேர்க்க மாட்டேன் என்று ஒரு வைராக்கியம் வேறு. நிலக் காகிதத்தை வைத்து எழுதினால் என்ன வரும்? நிலம் வாங்கியவர், பங்கு வாங்கியவர், பிள்ளை பெற்றவர், அந்தப் பிள்ளைக்குப் பட்டா மாற்றிக் கொடுத்தவர். அவ்வளவுதான் வரும். அதிலும் எங்கள் பக்கம் அத்தை மகள், மாமன் மகள், அக்கா மகள் என்று உள்ளுக்குள்ளேயே கட்டிக்கொள்வதால் கோடு நேராக இறங்காது. சுற்றிச் சுற்றிக் கிளம்பின இடத்துக்கே வந்து நிற்கும்.

"இது வம்சமா, இடியாப்பமா?" என்று கேட்டேன். அதற்கு மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நிம்மதியாக இருந்தது.

ஒன்று சொல்ல வேண்டும். அந்தத் தாளைப் பார்த்து அவர் பட்ட பெருமைக்கு அளவே இல்லை. "பாரு தாட்சாயணி, எல்லாரும் எழுவது, எம்பதுன்னு வாழ்ந்தவங்க. எங்க ரத்தம் கெட்டி ரத்தம்" என்பார். மகள் ஸ்ரீதேவிக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்த நேரம் அது. அவள் ஸ்ரீசிட்டியில் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறாள். மாப்பிள்ளை கிரண்குமார் நாயுடுபேட்டைக்காரர். இந்த வம்சவழியை அழகாக அச்சடித்துத் தாம்பூலப் பையில் தேங்காயோடு போட்டு எல்லோருக்கும் கொடுக்க வேண்டும் என்பது இவருடைய ஆசை. தேங்காய் உரசிக் கிழிந்துபோகுமே என்று நான் சொன்னது, வழக்கம்போல, காதில் விழவில்லை.

எனக்குக் கோபம் தேங்காயைப் பற்றி இல்லை. இவருடைய தம்பி நாகேந்திரன் பாலசமுத்திரத்தில் இருக்கிறார், மாந்தோப்பு வைத்துக்கொண்டு. அவருடைய பெண்டாட்டி மல்லிகா இவர்களுக்கு அத்தை மகள். அவர்களுக்குப் பரணி, திலீப் என்று இரண்டு பிள்ளைகள். பரணி பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெண்ணுக்குத்தான் கை ஆட ஆரம்பித்திருந்தது.

முதலில் பேனா நழுவியது. எழுத்து கோணியது. வகுப்பில் சோம்பேறி என்று திட்டு வாங்கினாள். பிறகு சோற்றை வாய்க்குக் கொண்டுபோவதற்குள் பாதி மடியில் கொட்டியது. வாயாடிப் பெண், அவள் பேச்சு குழறியது. பேசும்போது வாயோரம் எச்சில் வடியும்; துடைத்துக்கொண்டே சுற்றிலும் பார்ப்பாள், யாராவது பார்த்துவிட்டார்களா என்று. கொஞ்ச நாளில் பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள்.

திருப்பதியில் ஒரு டாக்டரிடம் காட்டினார்கள். பரீட்சை பயம் என்று தூங்குவதற்கு மாத்திரை கொடுத்தார். இன்னொருவர் நரம்புத் தளர்ச்சி என்றார். எங்கள் டாக்டரும் தைராய்டு பார்த்தார், கால்சியம் பார்த்தார், எல்லாம் சரியாக இருந்தது. பெண்ணோ மாதத்துக்கு மாதம் மோசமாகிக்கொண்டு போனாள். ஊரில் காத்து கருப்பு என்று பேச்சு கிளம்பியது. மல்லிகா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

"அக்கா, எனக்கு பரீட்ச வாணாம், படிப்பு வாணாம். எம்பொண்ணு போய்டுமோன்னு பயமாகீதுக்கா."

இவர் தம்பியைக் கேட்டார். "நம்ம வூட்ல யாருக்காச்சும் இந்த மாதிரி இருந்திச்சாடா?"

"யாருக்கும் இல்லியேண்ணா. உனுக்குத் தெரியாததா? நீதான எல்லாத்தையும் எழுதி வெச்சிக்கினுகீற."

இவரும் ரோலைப் பிரித்து மேலிருந்து கீழ் வரைக்கும் பார்த்தார். எல்லோரும் நன்றாக வாழ்ந்தவர்கள். "பரம்பரையா வர்ற நோய் இல்ல. அது நிச்சயம்" என்று சுருட்டி வைத்துவிட்டார். எனக்குத் தாங்கவில்லை. "உங்க கொள்ளுத்தாத்தாவத் தேடனதுல பாதி அந்தப் பொண்ணுக்குத் தேடியிருந்தா இந்நேரம் எதனா தெரிஞ்சிருக்கும்" என்று கத்தினேன். கிளினிக்கில் நோயாளிகள் "கொஞ்செம் சூடண்டி சார்", கொஞ்சம் பாருங்க சார் என்று காத்திருக்கிறார்கள் என்று எழுந்து போய்விட்டார். அவருக்கும் உள்ளுக்குள் பயம்தான். அது எனக்குத் தெரியும். இருந்தாலும் கத்தினேன்.

கல்யாணத்துக்கு முன்னால் பூவாடைக்காரி கூப்பிட வேண்டும். எங்கள் பக்கம் இது இல்லாமல் எந்தக் கல்யாணமும் நடக்காது. வீட்டில் கன்னியாகவோ சுமங்கலியாகவோ செத்துப்போனவர்களைக் கிணற்றடியிலிருந்து கரகத்தில் அழைத்துவந்து, புதுத்துணி வைத்துப் படைத்து, 'கல்யாணம் வெச்சிருக்கோம், வந்து வாழ்த்திட்டுப் போ' என்று கும்பிடுவது. துணி எடுப்பது முதல் படையல் வரைக்கும் பெண்கள் வேலை. ஆண்கள் வெளியே உட்கார்ந்து பந்தல்காரரிடம் விலை பேசிக்கொண்டிருப்பார்கள். எங்கள் டாக்டர் இத்தனை வருஷமும் வெளியேதான், கையில் ஏதாவது காகிதத்தோடு.

இந்தத் தடவை அவருடைய மகள் கல்யாணம். பெண்ணைப் பெற்றவர்தான் துணித் தட்டைத் தூக்க வேண்டும். பாலசமுத்திரம் வீட்டில், நல்ல வெயில் நேரத்தில், இவருடைய அக்கா கன்னிகா வெளியே வந்து நின்றார். எனக்கு நாத்தனார், அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். குரலை உயர்த்தினார் என்றால் ரோட்டில் போகிற டிராக்டர் நிற்கும்.

"டேய் கோவர்த்தனா! பொண்ணப் பெத்தவன் நீதான? அந்தப் பேப்பர அப்பால வெச்சிட்டு வந்து தட்டப் புடி!"

இவர் தட்டை வாங்கிக்கொண்டு நடந்தார். மணையின் மேல் ஒவ்வொன்றாக எடுத்து வைக்கச் சொன்னார் அக்கா. இரண்டு புடவை வைத்தார். அடுத்து ஒரு பாவாடை சட்டை. இன்னொரு பாவாடை சட்டை. கடைசியில் ஒரு பையன் போடுகிற சொக்காயும் கால்சட்டையும். இவர் ஒரு பாவாடையைத் திரும்பக் கையில் எடுத்துப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டார்.

"அக்கா, பொடவ சரி. இது யாருக்கு?"

"இன்னாடா கேள்வி இது? ஒண்ணு கங்கம்மா அத்தைக்கு. ஒண்ணு நம்ப நாகரத்தினத்துக்கு. சொக்கா முனிரத்தினம் சித்தப்பாவுக்கு. நம்ப வூட்ல பசங்களுக்கும் வெக்கிற வழக்கம் உண்டு."

"என் பேப்பர்ல இவங்க யாருமே இல்லியே."

"எப்டி இருப்பாங்கோ? கல்யாணமா காட்சியா? சின்ன வயசுலயே போய்ட்டாங்கோ. அவுங்க பேருல நெலம் இருந்திச்சா, பட்டா இருந்திச்சா?"

"எந்த வயசுல போனாங்க?"

"பாவாட அளவப் பாத்தா தெர்ல? செத்தப்போ இன்னா ஒசரமோ அந்த ஒசரத்துக்குத்தான் எடுப்போம். கடைல பரணிய நிக்க வெச்சித்தான் அளவு பாத்தேன். நாகரத்தினம் அப்போ இவ ஒசரந்தான்."

பரணி அங்கேதான் மூலையில் உட்கார்ந்து படையலுக்கு வாழைப்பழத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். கை ஆடிய ஆட்டத்தில் பழம் தட்டில் விழாமல் தரையில் விழுந்தது. இவர் அவளைப் பார்த்தார். கையிலிருந்த பாவாடையைப் பார்த்தார். பிறகு வேட்டியைக்கூடச் சரியாக மடிக்காமல் அக்காவுக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தார், கிளினிக்கில் நோயாளிக்கு எதிரில் உட்காருகிற மாதிரி.

"நாகரத்தினத்துக்கு இன்னாக்கா ஆச்சி?"

"நல்ல காரியம் வெச்சிக்கினு செத்தவங்க நோவப் பத்தி பேசுவியா? கற்பூரத்த ஏத்து."

"அக்கா. சொல்லு."

அந்தக் குரலில் என்ன இருந்ததோ, கன்னிகா அண்ணி சொல்ல ஆரம்பித்தார்.

"அது எனக்கு அக்கா, நம்ப எல்லாருக்கும் மூத்தது. நீ அப்போ கைக்கொழந்த. மொதல்ல அதுக்கு கை ஆடிச்சிடா. சோறு பெசஞ்சி துன்ன முடியாது, அம்மாதான் ஊட்டும். அப்பால பேச்சு கொழறிப்போச்சி. எச்சி ஒழுகிக்கினே இருக்கும். நைனா எங்கெங்கியோ இட்டுக்கினு போனாரு, பூசாரி, வைத்தியன்னு. கடைசில வவுறு வீங்கிப்போய்... அந்தக் கையோட உன்னத் தூக்கணும்னு அழும்டா. கீழ போட்டுடும்னு அம்மா குடுக்காது. ஒக்கார வெச்சி மடில படுக்க வெச்சாதான் அழுவைய நிறுத்தும்."

"கங்கம்மா அத்த?"

"அதுக்கும் இப்டித்தான்னு நைனா சொல்லுவாரு. முனிரத்தினம் சித்தப்பாவுக்கு கை ஆடல. மஞ்சக்காமால வந்து, வவுறு வீங்கி, பத்து பாஞ்சி நாள்ல முடிஞ்சிபோச்சாம்."

மல்லிகா நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எனக்கு அப்போதுதான் உறைத்தது. பாஸானவர்களை மட்டும் எண்ணி நூற்றுக்கு நூறு தேர்ச்சி என்று போர்டில் எழுதுகிற பள்ளிக்கூடங்கள் உண்டு. எங்கள் டாக்டர் வரைந்த வம்சம் அப்படிப்பட்டது. பிழைத்துப் பிள்ளை பெற்றவர்களை மட்டும் எழுதிவிட்டு, எங்கள் வீட்டில் யாரும் சின்ன வயதில் சாகவில்லை என்று சந்தோஷப்பட்டிருக்கிறார். செத்துப்போன பிள்ளைகளை மறக்காமல் வைத்திருந்தது கல்யாணத்துக்குக் கல்யாணம் துணி எடுத்த பெண்கள்தான். எங்களை யாரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை.

இவர் பாவாடையை மணையில் மெதுவாக வைத்தார். கற்பூரம் ஏற்றினார். விழுந்து கும்பிட்டார், எழுந்திருக்க நேரமானது. எழுந்ததும் முதல் வார்த்தை, "நாளைக்குக் காலைல பரணிய திருப்பதிக்குக் கூட்டிட்டுப் போறேன். கண்ணப் பாக்கணும்."

"கை ஆடறதுக்குக் கண்ண எதுக்குண்ணா பாக்கறது?" என்றார் நாகேந்திரன்.

"நாளைக்குப் பந்தக்கால்டா!" என்று அண்ணி பாய்ந்தார். "பொண்ணப் பெத்தவன் இல்லாம எவன் நடுவான்?"

நான் வாயைத் திறப்பதற்குள் ஸ்ரீதேவி முந்திக்கொண்டாள். "கம்பந்தான நைனா. சித்தப்பா நட்டுக்குவாரு. நீ கெளம்பு."

என் மகள்! எனக்கு அவளை அங்கேயே தூக்கிச் சுற்ற வேண்டும்போல் இருந்தது.

காரில் இவர், நான், மல்லிகா, பரணி. திருப்பதியில் கண் டாக்டர் சபீனா இவருடைய பழைய நண்பரின் மகள். பரணியின் முகவாயை மெஷினில் வைத்து, வெளிச்சத்தைப் பாய்ச்சிப் பார்த்தாள். ஒரு கண்ணைப் பார்த்தாள், இன்னொரு கண்ணைப் பார்த்தாள், மறுபடியும் முதல் கண்ணுக்கே வந்தாள்.

"அங்கிள், நீங்களே வந்து பாருங்க."

பிறகு நானும் பார்த்தேன். கருவிழியின் ஓரத்தைச் சுற்றி, பழுப்பும் பச்சையும் கலந்து ஒரு வளையம். அது செம்பு என்றாள் சபீனா. நாம் சாப்பிடுகிற சாப்பாட்டில் துளித் துளி செம்பு இருக்கிறது. மிச்சமாவதை ஈரல் வெளியே தள்ளிவிடும். சில பேருக்குப் பிறவியிலேயே அந்த ஈரலுக்குத் தள்ளத் தெரியாது. அது ஈரலில் சேர்ந்து, மூளையில் சேர்ந்து, கண்ணில் வந்து நிற்கும். அப்பா பக்கம் அம்மா பக்கம் இரண்டிலிருந்தும் வந்தால்தான் நோய். உறவுக்குள்ளேயே கட்டுகிற குடும்பத்தில் அப்படி இரண்டு பக்கமும் சேர்வது சுலபம்.

மல்லிகா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "மருந்து கீதா, மாமா?"

"இருக்கு" என்றார் இவர். "மாத்திரைதான். தினம் போடணும். இருக்கும்மா, மருந்து இருக்கு."

மல்லிகா பரணியை இழுத்து அணைத்துக்கொண்டாள். இவர் மட்டும் வெளியே போய்விட்டார். தேடிப் போனேன். கார் பக்கத்தில் நின்று, முகத்தைக் கர்ச்சீப்பில் புதைத்து அழுதுகொண்டிருந்தார். முப்பத்தைந்து வருஷத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை.

"என்னத் தூக்கணும்னு அழுவாளாம், தாட்சாயணி" என்றார். "அந்தப் பேரக்கூட நான் எழுதல."

எனக்குக் கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. அவர் முதுகைத் தடவிக்கொண்டே நின்றேன்.

ரத்தப் பரிசோதனையும் சிறுநீர்ப் பரிசோதனையும் அதையேதான் சொல்லின. கையோடு திலீப்புக்கும் எடுத்தார்கள். அவனுக்கும் இருந்தது. ஆனால் கை ஆடவில்லை, ஒன்றும் ஆரம்பிக்கவில்லை. இப்போதே மாத்திரை போட்டால் ஆரம்பிக்காமலே போய்விடும் என்றார்கள். அன்றைக்கு நாகேந்திரன் ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்து சிரித்தாரா அழுதாரா என்று இன்றைக்கும் எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியாது.

இதற்குள் அச்சகத்திலிருந்து வம்சவழி அடித்து முடித்தாகிவிட்டது என்று போன் வந்தது. "அதெல்லாம் வேணாம், வேற தர்றேன்" என்றார் இவர். உட்கார்ந்து முதலிலிருந்து வரைந்தார். கங்கம்மா, முனிரத்தினம், நாகரத்தினம் மூவரையும் அவரவர் இடத்தில் எழுதினார். அண்ணியையும் மல்லிகாவையும் என்னையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, எந்த வீட்டில் யாருக்குப் பாவாடை வைக்கிறார்கள், யாருக்குச் சொக்காய் வைக்கிறார்கள் என்று ஒவ்வொருவருக்கும் போன் போட்டுக் கேட்டார். கேட்கத் தெரிந்தால் பதில் வருகிறது. தாளின் அடியில் பெரிய எழுத்தில், இந்த வம்சத்தில் பெண் கொடுத்தவர்களும் எடுத்தவர்களும் பிள்ளைகளுக்கு என்ன பரிசோதனை எடுக்க வேண்டும் என்று தமிழிலும் தெலுங்கிலும் போட்டார்.

அண்ணி கொதித்துப்போனார். "நம்ப வூட்டு நோவ நீயே தாம்பூலப் பைல போட்டு ஊருக்குக் குடுப்பியா? நாளைக்கி பரணிய எவன்டா கட்டுவான்?"

"கட்டிக் குடுக்கணும்னா மொதல்ல பொண்ணு உசிரோட இருக்கணும்ல அக்கா?"

மாப்பிள்ளை வீட்டார் என்ன சொல்வார்களோ என்று எனக்கும் உதறல்தான். கிரண்குமார் தாளை வாங்கிப் படித்தார். "தெலுங்குல ரெண்டு தப்பு இருக்கு மாமா, திருத்தித் தர்றேன்" என்றார். அந்தப் பையனை அன்றைக்கே எனக்குப் பிடித்துவிட்டது.

கல்யாணம் நன்றாக நடந்தது. தேங்காய் உரசித் தாள் கிழியும் என்று நான் சொன்னது போலவே பல பேருக்குக் கிழிந்தது. கிழிந்ததை ஒட்டிப் படித்துவிட்டுக் குடுபல்லியிலிருந்து ஒருவர் கூப்பிட்டார், அவருடைய பேரனுக்கு அடிக்கடி காமாலை வருகிறது என்று. அந்தப் பையனும் இப்போது மாத்திரை போடுகிறான்.

பரணிக்கு முதல் இரண்டு மாதம் ஒரு மாற்றமும் தெரியவில்லை. மல்லிகா தினமும் போன் செய்து அழுவாள். இவர், "பொறும்மா, வருஷக்கணக்கா சேர்ந்தது, மெதுவாத்தான் எறங்கும்" என்பார். போனை வைத்துவிட்டு அவரே தூங்காமல் புரள்வார். மாங்காய் சீசனில் நாங்கள் பாலசமுத்திரம் போனோம். காரை விட்டு இறங்கும்போதே உள்ளே சண்டைச் சத்தம் கேட்டது. வேர்க்கடலை அவித்து வைத்திருக்கிறார்கள். செம்பு அதிகமுள்ள சாப்பாடு என்று பரணிக்கும் திலீப்புக்கும் அது கிடையாது.

"அவன் மட்டும் திருட்டுத்தனமா துன்னுவான், அவன ஒண்ணும் கேக்க மாட்ட! எனக்கு சாக்லேட்டு இல்ல, கடல இல்ல, வெறும் வவுத்துல மாத்திர! ஒரு கை துன்னா இன்னாம்மா ஆயிடும்?"

வாசலிலேயே நின்றுவிட்டோம். எங்களைப் பார்த்துக் கூடத்தில் யாரும் வாங்க என்றுகூடச் சொல்லவில்லை. நாகேந்திரன், அண்ணி, எல்லோரும் அந்தச் சண்டையைப் பாட்டுக் கச்சேரி மாதிரி உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு வார்த்தை குழறவில்லை. இடுப்பில் வைத்திருந்த கை இருந்த இடத்தில் இருந்தது.

பரணி எங்களைப் பார்த்துவிட்டாள். நேராக இவரிடம் வந்தாள்.

"பெரிப்பா, நீயே சொல்லு. இன்னும் எவ்ளோ வருஷம் இந்த மாத்திரயப் போட்டுக்கினே இருக்கறது?"

இவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எழுவது வருஷம்" என்றார். "எம்பதும் ஆவலாம்."

"எம்பது வருஷமா!" என்று அலறினாள் அவள்.

"ஆமாண்டி" என்றாள் மல்லிகா. கடலைத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. "எம்பது வருஷண்டி. இன்னொரு தபா சொல்லுங்க மாமா."